ஏடு தொடக்கலும் எழுத்தின் எல்லைகளும்: இலங்கைத் தமிழரிடையே குழந்தையின் தொடக்க எழுத்தறிவு பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

1

குழந்தைக் கல்வி பற்றி இன்று பேசுவோர் மூளையைப் பற்றிப் பேசாதிருப்பதில்லை. பிறக்கும்போது வளர்ந்தோர் மூளையின் நிறையில் ஏறத்தாழ நாலிலொரு பங்காயிருக்கும் குழந்தையின் மூளை, ஐந்து வயதளவில் பத்தில் ஒன்பது பங்கினை எட்டிவிடுகின்றது. நரம்புக் கலங்களுக்கிடையிலான இணைப்புகள் முதற்சில ஆண்டுகளில் மிக விரைவாகப் பெருகிப் பின்னர் பயன்பாட்டுக்கேற்பக் களையப்படுகின்றன. இவ்வுண்மைகளிலிருந்து பெறப்படும் அறிவுரை எல்லோரும் அறிந்ததே: பெற்றோர் குழந்தையோடு நிறையப் பேசுதல் வேண்டும், கதை சொல்லுதல் வேண்டும், படங்கள் நிறைந்த புத்தகத்தை மடியில் வைத்து வாசித்துக் காட்டுதல் வேண்டும்.

இவ்வறிவுரை தவறானதன்று. ஆயினும், அது தன்னுள்ளே சில முற்கோள்களைக் கொண்டுள்ளது. வாசித்துக் காட்டுவதற்குத் தாய்க்கு நேரம் உண்டு என்பது ஒன்று. வாசிக்க அவளுக்குத் தெரியும் என்பது மற்றொன்று. வீட்டில் புத்தகமும் விளக்கும் போதிய உணவும் உண்டு என்பது இன்னொன்று. இவை எவையும் இயற்கை வழங்கியவையல்ல. ஒவ்வொன்றும் வரலாற்றில் ஒரு சாராருக்குக் கிடைத்து இன்னொரு சாராருக்கு மறுக்கப்பட்டது. குழந்தையின் மூளை உயிரியற் பொருளாயினும், அதனை வந்தடையும் மொழியும் எழுத்தும் உணவும் சமூகப் பொருள்களேயாம்.

எனவே, எழுத்தின் வாயிலில் ஒரு குழந்தை எப்போது, எவ்வாறு, யாருடைய கைபிடித்து நிறுத்தப்பட்டது என்பதை வரலாற்று அடிப்படையில் நோக்குதல் அவசியமாகின்றது. இலங்கைத் தமிழரிடையே நிலவிய தொடக்க எழுத்தறிவு முறைகளை இக்கட்டுரை அவ்வகையில் ஆராய முற்படுகின்றது. திண்ணைப் பள்ளி, அச்சுப் பாடநூல், சம ஆசனப் போராட்டம், பெருந்தோட்டத்துப் பிள்ளைக் காம்பரா, இலவசக் கல்வி என்பன இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. இவற்றினூடாகக் கிடைக்கும் காட்சியை மூளை பற்றிய இன்றைய அறிவியலோடு ஒப்பவைத்துப் பார்ப்பதே நமது நோக்கமாகும்.

2

விசயதசமி நாளிலே குழந்தையை மடியில் இருத்தி, அதன் விரலைப் பிடித்து, தட்டிற் பரப்பிய அரிசியில் ‘அ’ எழுதுவிக்கும் வழக்கம் ஏடு தொடக்கல் எனப்படும். எழுத்து என்பது வெறும் திறன் அன்று, அது ஒரு தகுதிப்பேறு என்னும் கருத்துநிலை இச்சடங்கிலே பொதிந்துள்ளது. தகுதிப்பேறு எனின், அது எல்லோர்க்கும் உரியதாதல் இயலாது. சடங்கின் அழகு நம் கண்ணில் படும் அளவுக்கு அதன் எல்லைக்கோடு படுவதில்லை.

ஏடு தொடக்கியபின் பிள்ளை சென்று சேர்ந்த இடம் திண்ணைப் பள்ளி. மணலில் விரலால் எழுதுதல், எழுதும்போதே உரத்துச் சொல்லுதல், முன்னேறிய மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையோருக்குச் சொல்லிக் கொடுத்தல், நாள்தோறும் முறைசொல்லி ஒப்புவித்தல் என்பன அதன் செயன்முறைகள். அரிச்சுவடியும் எண்சுவடியும் முடிந்தபின் ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நிகண்டு எனப் பாடங்கள் செல்லும். ஓலை அரிதாயும் எழுத்தாணிப் பயிற்சி கடினமாயும் இருந்த ஒரு சமூகத்தில், நினைவே முதன்மையான நூலகமாயிருந்தது. மனனம் செய்தலை அறிவற்ற பழக்கம் என்று பிற்காலத்தவர் எளிதில் ஒதுக்கிவிட்டனர். ஓலைச்சுவடிப் பண்பாட்டின் உற்பத்தி நிலைமைகளோடு பொருத்திப் பார்க்கும்போதே அதன் தருக்கம் விளங்கும்.

இம்முறையின் ஆற்றலை ஐரோப்பியரும் கண்டுகொண்டனர். சென்னை எழும்பூரிலே படைவீரரின் ஆண்பிள்ளைகளுக்கென நடத்தப்பட்ட அநாதை விடுதியின் மேற்பார்வையாளராயிருந்த அன்ட்ரூ பெல் என்பார், உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அதனைத் தம் விடுதியிற் புகுத்தினார்; மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் முறையையும் அங்கு விரிவாகக் கையாண்டார். அதுபற்றிய அவரது அறிக்கை 1797இல் இலண்டனில் வெளியாயிற்று. ‘மதராஸ் முறை’ என்ற பெயருடன் அது இங்கிலாந்தின் வறிய பிள்ளைகளுக்கான பள்ளிகளிலே பரவியது. கைத்தொழிற் புரட்சியின் நகரங்களில் குறைந்த செலவிற் பெருந்தொகையான தொழிலாளர் பிள்ளைகளுக்கு எழுத்தும் ஒழுங்கும் புகட்ட வழிதேடிய ஆளும் வர்க்கத்துக்கு, ஓர் ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கானோருக்குப் பயிற்றும் இம்முறை உவப்பாயிருந்ததில் வியப்பில்லை. திண்ணையிலே நெருக்கமான உறவோடு இயங்கிய சட்டாம்பிள்ளை, அங்கே தொழிற்சாலையின் மேற்பார்வையாளனாக உருமாறினான். முறை ஒன்றாயினும், அதனைத் தாங்கும் சமூக உறவு மாறியதும் அதன் பொருளும் மாறிவிடுகின்றது.

திண்ணைப் பள்ளியைப் பொற்காலச் சின்னமாகக் காட்டும் போக்கும் நம்மிடையே உண்டு. சென்னை மாகாணத்தில் 1822இல் தோமஸ் மன்றோ நடத்துவித்த விசாரணையின் தரவுகள் இவ்விடத்திற் பயனுள்ளவை. ஏறத்தாழ 12,500 பள்ளிகளும் 188,000 மாணவரும் இருந்ததாக அவர் 1826ஆம் ஆண்டுக் குறிப்பிலே கணக்கிட்டார். தமிழ் பேசும் மாவட்டங்களிற் கற்றோருட் பெரும்பாலோர் பிராமணரல்லாதோர் என்பதும் அத்தரவுகளாற் புலப்பட்டது. கல்வி முழுவதும் பிராமணரிடமே முடங்கிக் கிடந்தது என்ற எளிமையான கூற்று இதனால் தகர்ந்துபோகின்றது. ஆயின், பெண்பிள்ளைகளின் தொகை மிகச் சொற்பமாயிருந்ததும், நிலத்தோடு பிணிக்கப்பட்ட உழைப்பாளர் சாதியினர் பெரிதும் வெளியே நின்றதும் அதேயளவு உண்மையாகும். கணக்கெழுதவும் நில உரிமை பேணவும் எழுத்துத் தேவைப்பட்ட வகுப்பினருக்கு அது கிடைத்தது. உழைப்பை மட்டுமே கொடுக்கவேண்டியிருந்தோருக்கு அது தேவையற்றதாகக் கருதப்பட்டது. யாழ்ப்பாணத்து நிலவுடைமைச் சமூகத்துக்கும் இவ்விதி பொருந்தும்.

3

1816இல் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்துக்கு வந்தமை இவ்வமைப்பிலே ஓர் உடைவை ஏற்படுத்திற்று. 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியும் 1824இல் உடுவிற் பெண்கள் விடுதிப் பாடசாலையும் தொடங்கப்பட்டன. இவற்றின் அடித்தளமாகக் கிராமங்களில் இலவசப் பள்ளிகள் நடத்தப்பட்டன. மதமாற்றமும் குடியேற்ற நிருவாகத்துக்கான ஆள்திரட்டலும் இவற்றின் பின்னணியில் இருந்தன என்பது மறுக்கவொண்ணாதது. எனினும், பெண்பிள்ளையின் கையில் எழுதுகோலைக் கொடுத்தமை, கொடுத்தவரின் நோக்கத்தையும் கடந்து செயற்பட்ட ஒரு வரலாற்று நிகழ்ச்சியாகும். எழுத்தறிந்த பெண் எழுத்தறிந்த தாயாகின்றாள். மறுதலைமுறையின் முதல் ஆசிரியை அவளே. தொடக்க எழுத்தறிவின் வரலாற்றில் ஆண்களின் கல்லூரிகளைவிட இவ்வொரு மாற்றமே ஆழமானது எனலாம்.

இதற்கான எதிர்வினையாக எழுந்ததே ஆறுமுக நாவலரின் கல்வி முயற்சி. 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்த நாவலர், அடுத்த ஆண்டிலே அச்சியந்திரம் ஒன்றினைப் பெற்று, பிள்ளைகளுக்கெனப் பாலபாடங்களை வெளியிடத் தொடங்கினார். தமிழ்க் குழந்தையின் கல்வி வரலாற்றிலே இதன் முக்கியத்துவம் பெரிது. செய்யுளை ஒப்புவிப்பதன் வழியாக எழுத்துக்குள் நுழைந்த பிள்ளை, இப்போது எழுத்து, சொல், வாக்கியம் எனப் படிமுறையாக அமைந்த உரைநடையின் வழியாக நுழையலாயிற்று. பிள்ளைகளின் வயதுக்கேற்பப் பாடத்தைத் தரப்படுத்தும் கருத்து மிஷனரிமாரிடமிருந்து பெறப்பட்டது. சைவ ஒழுக்கம் என்ற உள்ளடக்கம் அதற்கு எதிராக நிறுத்தப்பட்டது. எதிரியின் கருவியைக் கொண்டே எதிரியை எதிர்கொண்ட இம்முரண்பாட்டினை நாவலர் பற்றி ஆராய்ந்தோர் பலரும் சுட்டியுள்ளனர்.

ஆயின், சாதி ஒழுங்கை நாவலர் கேள்விக்குட்படுத்தினாரல்லர். அச்சு எழுத்தைப் பெருக்கிற்று; பெருகிய எழுத்து எவ்வாயிலினூடாக யாரைச் சென்றடையும் என்பதைத் தீர்மானித்தது வேறொன்று. பாலபாடத்தின் ‘பாலர்’ யாவர் என்று கேட்போமாயின், விடையிலே ஒரு வகுப்பின் முகமே தெரிகின்றது.

உள்ளடக்கத்திலும் ஒரு வினாவுண்டு. நீதிநூல் மரபிலும் பாலபாட மரபிலும் குழந்தை அடக்கப்படவேண்டிய சிறு மனிதனாகவே கொள்ளப்பட்டது. விளையாட்டும் ஓசையின்பமும் குழந்தையின் அறிவுக்குத் தேவையானவை என்ற எண்ணம் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே நம்மிடம் வேர்கொண்டது. நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவரின் (1878–1953) ஆடிப்பிறப்புப் பாட்டும் கத்தரி வெருளிப் பாட்டும் தலைமுறை தலைமுறையாக நின்று நிலைத்தமைக்கு இதுவே காரணம். கொழுக்கட்டையும் தோட்டத்து வெருளியும் பாடப்பொருளானபோது, பிள்ளையின் அன்றாட உலகமும் எழுத்துக்குரியது என்பது ஏற்றுக்கொள்ளப்பட்டது. இதனை ஓர் அழகியல் மாற்றமாக மட்டும் கொள்ளுதல் போதாது. குழந்தை பற்றிய கருத்துநிலையில் ஏற்பட்ட சனநாயக மாற்றத்தின் இலக்கிய வெளிப்பாடு அது.

4

இச்சனநாயகம் வகுப்பறைத் தரையிலே சோதனைக்குள்ளாயிற்று. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் பாடசாலையில் அனுமதிக்கப்பட்ட இடங்களிலும் வாங்கில் அமர அனுமதிக்கப்படவில்லை. தரையில் இருந்தே கற்றனர். பாடசாலைகளிற் சம ஆசனம் வழங்கப்படவேண்டும் என 1920களின் இறுதியில் அரசாங்கம் பணித்தபோது, உயர்சாதியினரின் எதிர்ப்புக் கடுமையாயிற்று. சம ஆசனம் வழங்கிய பாடசாலைகள் சில தீக்கிரையாக்கப்பட்டன. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் சம ஆசனத்தை ஆதரித்து நின்றது அவ்வியக்கத்தின் முற்போக்குப் பண்புக்குச் சான்றாகும்.

இங்கு நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. ஆறு வயதுப் பிள்ளை தரையில் இருத்தப்படும்போது அது இரண்டு பாடங்களை ஒருங்கே கற்கின்றது. கரும்பலகையில் உள்ளது ஒரு பாடம். தனது இடம் எது என்பது இன்னொரு பாடம். முதலாவதை மறந்தாலும் இரண்டாவதை மறக்க அதனை எவரும் விடுவதில்லை. இடையறாத அச்சமும் அவமதிப்பும் குழந்தையின் கவனத்தையும் நினைவாற்றலையும் பாதிக்கும் என்று உளவியலும் நரம்பியலும் இன்று கூறுகின்றன. தீண்டாமையைக் கற்றலுக்கு வெளியேயுள்ள ஒரு சமூகத் தீங்காக மட்டும் கருதியது எவ்வளவு குறைபாடானது என்பதை இது புலப்படுத்துகின்றது. அது கற்றலின் உள்ளேயே புகுந்து செயற்பட்டது. டானியலும் டொமினிக் ஜீவாவும் போன்ற எழுத்தாளர் இதே ஒடுக்குமுறையின் அனுபவத்திலிருந்து எழுந்து, முறையான கல்வி நெடிது பெறாமலே, ஈழத்து இலக்கியத்தின் திசையை மாற்றினர். அவர்களை முன்னிறுத்தி, ‘திறமை இருந்தால் எவரும் உயரலாம்’ என வாதிடுவோர், அவர்களோடு தரையில் இருந்து எழ முடியாமற்போன ஆயிரம் பிள்ளைகளைக் கணக்கிற் கொள்வதில்லை.

5

யாழ்ப்பாணத்தில் எழுத்தின் எல்லை சாதியால் வரையப்பட்டதெனின், மலையகத்திலே அது கொழுந்துக் கூடையால் வரையப்பட்டது. தென்னிந்தியாவிலிருந்து கொணரப்பட்ட தொழிலாளரின் உழைப்பில் முதலிற் கோப்பியும் பின்னர் தேயிலையும் வளர்ந்தன. ஒரு தொழிலுக்கு ஆண் மட்டும் போதாது, குடும்பமாகவே உழைப்புத் தேவை என்பது தேயிலைப் பொருளாதாரத்தின் இயல்பு. ஆண்டு முழுவதும் கொழுந்து பறிப்பதற்குப் பெண்ணின் கை வேண்டும். பெண் மலைக்குப் போனால் அவளுடைய கைக்குழந்தை எங்கே இருப்பது என்ற வினாவுக்குத் தோட்ட நிருவாகம் அளித்த விடையே பிள்ளைக் காம்பரா.

காலையிற் பெரட்டுக்குப் போகுமுன் தாய் பிள்ளையை அங்கே விட்டுச் செல்வாள். வேலை முடிந்து மாலையில் எடுத்துச் செல்வாள். இடையில் பாலூட்ட ஒருமுறை வந்துபோவாள். நீண்ட காலமாகப் பிள்ளைக் காம்பரா என்பது பிள்ளைகளைக் காத்துவைக்கும் இடமேயன்றி வளர்த்தெடுக்கும் இடமாக இருந்ததில்லை. வரிசையாகத் தொங்கும் ஏணைகள், பலருக்கு ஓர் ஆயம்மா, வெறுஞ்சுவர் என்பதே அதன் பொதுத் தோற்றம். ஆயம்மாவைக் குறைகூறுதல் நமது நோக்கமன்று. அவளும் தோட்டத்தின் தொழிலாளியே. தாயின் உழைப்பு நேரம் முழுவதையும் பெறுவதற்காக அமைக்கப்பட்ட ஒரு நிறுவனத்திற் குழந்தையின் மொழிக்கு இடமிருக்கவில்லை என்பதே பொருள். இன்று குழந்தையின் மூளை மிக விரைந்து வளரும் காலமென அறிவியல் சுட்டும் அதே ஆண்டுகள், தேயிலைக் கணக்கில் ‘வேலைக்கு இடையூறான’ ஆண்டுகளாகவே பதியப்பட்டன.

காம்பராவைக் கடந்த பிள்ளை சென்ற தோட்டப் பாடசாலையின் நிலையும் வேறன்று. 1907ஆம் ஆண்டுக் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம் 6 முதல் 10 வயது வரையான தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வழங்கும் பொறுப்பினைத் தோட்டத் துரைமார்மீது சுமத்தியது. 1920ஆம் ஆண்டுச் சட்டம் அதனை மேலும் வலியுறுத்தியது. பிள்ளையின் உழைப்பையும் பெற்றோரின் உழைப்பையும் வாங்குபவனிடமே பிள்ளையின் கல்வியையும் ஒப்படைத்த இவ்வேற்பாட்டின் விளைவு எத்தகையதாயிருக்கும் என்பதை ஊகிக்க அரும்பாடு வேண்டியதில்லை. ஓர் ஆசிரியர், ஓர் அறை, சில வகுப்புகள் என்பதே பெரும்பாலான தோட்டப் பாடசாலைகளின் இலக்கணமாயிற்று.

சுதந்திரம் இந்நிலையை மாற்றவில்லை. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டமும் 1949இல் வாக்குரிமை பறிக்கப்பட்டமையும் மலையக மக்களை அரசின் கணக்கிலிருந்தே நீக்கின. 1960–61இல் உதவிபெறும் பாடசாலைகள் அரசுடைமையாக்கப்பட்டபோதும் தோட்டப் பாடசாலைகள் வெளியே விடப்பட்டன. 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தங்களையடுத்தே, அத்தசாப்தத்தின் பிற்பகுதியில், அவை அரசின் பொறுப்பிற்கு வரலாயின. நாட்டின் ஏனைய பிள்ளைகளுக்கு 1945இற் கிடைத்த ஒன்றினைப் பெறுவதற்குத் தேயிலை பறித்த தாயின் பிள்ளை மேலும் முப்பதாண்டுகளுக்கு மேல் காத்திருந்தது.

6

1945ஆம் ஆண்டு இலங்கைக் கல்வி வரலாற்றின் பெருந்திருப்பம் என்பதில் ஐயமில்லை. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் தலைமையிலான விசேட குழுவின் 1943ஆம் ஆண்டறிக்கையைத் தொடர்ந்து, ஆரம்ப நிலை தொடக்கம் பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசமாக்கப்பட்டது. ஆரம்பக் கல்வி தாய்மொழியில் அமைந்தது. ஆசியாவின் வறிய நாடுகள் பலவற்றுக்கு முன்னே இலங்கை உயர்ந்த எழுத்தறிவு வீதத்தினை அடைந்தமைக்கு இதுவே அடிப்படை. இதனைப் பாதுகாத்தல் முற்போக்காளரின் கடமையாகும்.

ஆயினும், இவ்வுரிமைக்கு ஒரு கீழெல்லை உண்டு என்பதை நாம் போதியளவு கவனித்ததில்லை. அரசின் கல்விக் கடமை பிள்ளையின் ஐந்து வயதிலே தொடங்குகின்றது. 1998இல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி ஒழுங்கு 5 முதல் 14 வயது வரையானோரை உள்ளடக்கியது. 2016இல் மேலெல்லை 16 ஆக உயர்த்தப்பட்டது. மேலெல்லை உயர்ந்தது, கீழெல்லை இருந்தபடியே இருந்தது. ஐந்து வயதுக்கு முற்பட்ட கல்வி இன்றும் பெருமளவில் தனியார், சமய நிறுவனங்கள், தன்னார்வ அமைப்புகள், ஊர்ச் சங்கங்கள் ஆகியோரின் கையிலேயே உள்ளது. 1987ஆம் ஆண்டு 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்பின் முன்பள்ளிகளின் மேற்பார்வை மாகாண சபைகளுக்குரியதாயிற்று. ஆனால், மேற்பார்வை வேறு, பொறுப்பு வேறு. முன்பள்ளி ஆசிரியையின் வருமானம் பெற்றோர் செலுத்தும் கட்டணத்திலோ சிறு கொடுப்பனவிலோ தங்கியிருக்கின்றது. பல்கலைக்கழகம் வரை இலவசமாயுள்ள ஒரு நாட்டிலே, முதற்படிக்கு மட்டும் கட்டணம் செலுத்தவேண்டியிருப்பது நமது கல்வி அமைப்பின் மிகப்பெரிய முரண்பாடாகும்.

இதற்கு ஆளும் வர்க்கத்தை மட்டும் குற்றஞ்சாட்டுதல் நேர்மையாகாது. இடதுசாரி இயக்கமும் குழந்தையின் முதல் ஐந்தாண்டுகளைக் குடும்பத்தின், அதாவது பெண்ணின், தனிப்பட்ட காரியமாகவே கருதிவந்தது. நிலம், ஊதியம், மொழி ஆகியன அரசியலாயின, தொட்டில் அரசியலாகவில்லை. வீட்டினுள் நிகழும் ஊதியமற்ற உழைப்பினை உற்பத்திக்கு வெளியே வைத்து நோக்கிய கோட்பாட்டுக் குறுக்கம் இதற்குக் காரணமாயிற்று எனலாம்.

7

இவ்வரலாற்றுப் பின்னணியிலே அறிவியலின் முடிவுகளை இப்போது நோக்கலாம். மூளையைப் பற்றிய பேச்சு மனிதரைப் பிறப்பால் தரம்பிரிக்கும் பிற்போக்குக் கருத்துக்கே இட்டுச் செல்லும் என்ற ஐயம் முற்போக்காளரிடையே இருந்துவந்துள்ளது. நுண்ணறிவு அளவீட்டின் பெயரால் நிகழ்ந்த அநீதிகளை நினைக்கையில் அவ்வையம் நியாயமானதே. ஆயினும், மார்க்சிய மரபே இத்துறைக்கு அடிகோலிய ஆய்வுகளை வழங்கியுள்ளது என்பது மறக்கத்தக்கதன்று.

1934இல், முப்பத்தேழு வயதிற் காலமான சோவியத் உளவியலாளர் வைகோட்ஸ்கி, உயர் உளச்செயல்கள் யாவும் முதலில் மனிதருக்கிடையே நிகழ்ந்து, பின்னரே தனிமனிதனுள் குடிகொள்கின்றன என விளக்கினார். எழுத்தறிவு பற்றி அவர் கூறியது நமது பொருளுக்கு மிக நெருக்கமானது. குழந்தையின் சைகை, விளையாட்டு, சித்திரம் என்பனவே எழுத்தின் முன்வரலாறு. குச்சியைக் குதிரையாகக் கொண்டு விளையாடும் பிள்ளை, ஒன்று மற்றொன்றைக் குறிக்கலாம் என்பதை ஏற்கெனவே அறிந்துகொண்டது. எழுத்து அவ்வறிவின் தொடர்ச்சியே. எனவே, முன்பள்ளியில் விளையாட்டைப் பறித்து எழுத்தைத் திணிப்போர், மரத்தின் வேரை வெட்டிவிட்டுக் கனியை எதிர்பார்ப்போராவர். 247 எழுத்துகளையும் நான்கு வயதிலேயே எழுதி முடிக்கவேண்டும் என்று இன்று நகர்ப்புற முன்பள்ளிகளில் நிலவும் போட்டியினை இவ்வகையிலேயே மதிப்பிடுதல் வேண்டும். அது கல்வி ஆர்வம் அன்று. ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் என்னும் சந்தைக்கு ஐந்து வயதுக்கு முன்பே எடுக்கப்படும் ஆயத்தம்.

வைகோட்ஸ்கியின் தோழரான லூரியா 1931, 1932ஆம் ஆண்டுகளில் மத்திய ஆசியாவிற் கூட்டுடைமையாக்கமும் எழுத்தறிவு இயக்கமும் நிகழ்ந்த வேளையில் ஆய்வுகள் நடத்தினார். குறுகிய காலம் கல்வி பெற்றோரும், புதிய கூட்டு உழைப்பில் ஈடுபட்டோரும் பொருள்களை வகைப்படுத்தும் முறையிலும் தருக்கிக்கும் முறையிலும் மாறுபட்டிருந்தனர் என்பது அவர் கண்டது. எழுத்தற்ற உழவரைக் குறைத்து மதிப்பிடும் சாயல் அவ்வாய்வில் இருந்தது என்பதும் கூறப்படவேண்டியதே. அந்நூல் நாற்பதாண்டுகள் கழித்து 1974இலேயே வெளிவந்தது. பின்னர் லைபீரியாவின் வாய் மக்களிடையே ஆராய்ந்த ஸ்கிரிப்னர், கோல் என்போர் 1981இல் வெளியிட்ட நூல், எழுத்தறிவையும் பாடசாலைக் கல்வியையும் பிரித்து நோக்கவேண்டும் எனக் காட்டியது. எழுத்து மட்டும் மனிதனை மாற்றுவதில்லை. எழுத்து எந்தச் சமூகச் செயற்பாட்டிற் பயன்படுகின்றதோ அதற்கேற்பவே அதன் விளைவு அமைகின்றது.

நரம்பியல் இவ்வுண்மையை இன்னொரு வழியால் உறுதிப்படுத்துகின்றது. ஹட்டன்லொக்கர் 1979இல் வெளியிட்ட ஆய்வு, மூளையின் முன்பகுதியில் நரம்பிணைப்புகளின் அடர்த்தி முதலிரு ஆண்டுகளில் உச்சம்பெற்றுப் பின்னர் குறைவதைக் காட்டிற்று. எழுத்தைப் படிப்பதற்கெனப் பிறவியிலேயே அமைந்த பகுதி எதுவும் மூளையில் இல்லை. எழுத்து தோன்றி ஐயாயிரம் ஆண்டுகளே ஆதலின் அவ்வாறிருத்தலும் இயலாது. முகங்களையும் பொருள்களையும் இனங்காணும் இடப்புறப் பகுதியொன்று கல்வியின் வழியாக எழுத்துக்கென மீளமைக்கப்படுகின்றது என்பதைத் தெஹானும் அவருடைய குழுவினரும் விளக்கியுள்ளனர். போர்த்துக்கலிலும் பிரேசிலிலும் எழுத்தறியாதோரையும், வளர்ந்தபின் எழுத்தறிந்தோரையும், சிறுவயதிற் கற்றோரையும் ஒப்பிட்டு அவர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வு இருவகையில் முக்கியமானது. எழுத்து என்ற சமூகக் கண்டுபிடிப்பு மூளை என்ற உடற்பொருளையே மாற்றுகின்றது என்பது ஒன்று. வளர்ந்தபின் கற்றோரிலும் அம்மாற்றம் நிகழ்கின்றது என்பது மற்றொன்று. ‘ஐந்து வயதோடு எல்லாம் முடிந்துவிடும்’ என்னும் விதிவாதத்தை இரண்டாவது முடிவு மறுக்கின்றது. முதல் ஆண்டுகள் மிக முக்கியமானவை. ஆனால் அவை தலையெழுத்தல்ல.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. அமெரிக்காவிலே கன்சாஸ் நகர்ப்பகுதியின் 42 குடும்பங்களை ஆராய்ந்த ஹார்ட், ரிஸ்லி என்போர், வறிய குழந்தைகள் சிறுவயதிலேயே கோடிக்கணக்கில் குறைந்த சொற்களைக் கேட்கின்றன என 1995இல் எழுதினர். அதிலிருந்து, வறிய தாயின் வாயே குழந்தையின் வறுமைக்குக் காரணம் என்ற முடிவுக்குப் பலர் தாவினர். குழந்தையைச் சூழ்ந்து பேசப்படும் பேச்சையும் கணக்கிலெடுத்த பிற்கால ஆய்வுகள் அத்தகைய பெரிய இடைவெளியைக் காணவில்லை. லயத்திலே பிறந்த பிள்ளை மொழியற்றதன்று. சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலையக நாட்டார் பாடல்களை அறிந்தோர், தாலாட்டும் தெம்மாங்கும் காமன் கூத்தும் நிறைந்த அம்மொழியின் வளத்தை அறிவர். குறை மொழியில் இல்லை. பகல் முழுவதும் அம்மொழியோடு குழந்தைக்கு உறவில்லாமற் செய்த உழைப்பு முறையிலும், அம்மொழியைப் பாடமாக ஏற்காத பள்ளியிலுமே உள்ளது.

மூளை வளர்ச்சிக்குச் சொல் மட்டும் போதாது, சோறும் வேண்டும். 2016ஆம் ஆண்டு மக்கட்டொகை சுகாதார அளவீட்டின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் ஏறத்தாழ 17 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். தோட்டத்துறையில் அத்தொகை ஏறத்தாழ 32 சதவீதம். முதலீராண்டுகளின் நெடுநாட் போசாக்கின்மையே இவ்வளர்ச்சிக் குறைவின் முதன்மைக் காரணம் என்பதும், அது பின்னைய கற்றலைப் பாதிக்கும் என்பதும் மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டவை. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடி வறியோரின் உணவுத்தட்டை மேலும் சுருக்கியது. மூன்றிலொரு பிள்ளையின் உடலில் வர்க்க முரண்பாடு உயரக்குறைவாகப் பதிந்திருக்கும்போது, வாசித்துக் காட்டுமாறு தாய்க்கு அறிவுரை கூறுவதோடு நின்றுவிடுதல் அறிவியலுமாகாது, அறமுமாகாது.

8

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்துச் சில முடிவுகள் பெறப்படுகின்றன. தொடக்க எழுத்தறிவு எக்காலத்திலும் வெறும் கற்பித்தல் முறையின் பிரச்சினையாக இருந்ததில்லை. மணலாயினும் ஓலையாயினும் அச்சாயினும், அதனருகே யார் இருக்கலாம் என்பதை உற்பத்தி உறவுகளே தீர்மானித்தன. ஒவ்வொரு கட்டத்திலும் எல்லை விரிவடைந்தது உண்மை. ஆயின், அது தானாக விரிந்ததன்று. பெண்பிள்ளைகளுக்கும் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கும் மலையகத்தவருக்கும் அது தனித்தனிக் காலங்களில், தனித்தனிப் போராட்டங்களினூடாகவே திறக்கப்பட்டது.

மூளை வளர்ச்சி பற்றிய அறிவியல் இப்போராட்டத்துக்குப் புறம்பானதன்று. அதன் கையிலுள்ள புதிய சான்று. ஐந்து வயதுக்கு முன்னரே கல்வியின் அடித்தளம் இடப்படுகின்றதெனின், இலவசக் கல்வி ஐந்து வயதிலே தொடங்குவது போதாது என்பதே அதன் தருக்கரீதியான முடிவாகும். முன்பள்ளி பொதுக் கல்வியின் பகுதியாதல் வேண்டும். அதன் ஆசிரியை அரச ஆசிரியைக்குரிய பயிற்சியும் ஊதியமும் பெறுதல் வேண்டும். பெயரளவிலே சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாகிவிட்ட பிள்ளைக் காம்பராக்கள் உணவும் கதையும் பாட்டும் விளையாட்டும் நிறைந்த இடங்களாதல் வேண்டும். தாய்க்குக் கொழுந்து நிறையின்மீது மட்டும் தங்கியிராத ஊதியமும், பிள்ளையோடிருக்கும் நேரமும் உரிமையாதல் வேண்டும். பாட்டும் கதையும் எழுதும் நமது எழுத்தாளருக்கும் இங்கே ஒரு பணி உண்டு: யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு ஆடிப்பிறப்புக் கிடைத்ததுபோல், மலையகத்துப் பிள்ளைக்கும் மட்டக்களப்புப் பிள்ளைக்கும் முஸ்லிம் பிள்ளைக்கும் தத்தம் உலகம் அச்சில் கிடைத்தல் வேண்டும்.

அரிசியில் விரல் பதித்து எழுதிய எழுத்து ஒரு காலத்தில் சிலருக்குரிய பேறாயிருந்தது. பின்னர் அது பாடசாலைக்குச் செல்லும் எல்லோர்க்கும் உரிய உரிமையாயிற்று. அப்பாடசாலையின் வாசலுக்கு வந்து சேருமுன்னரே பின்தங்கிவிடும் பிள்ளைகள் இருக்கும்வரை, அவ்வுரிமை முழுமைபெற்றதாகக் கொள்ளுதல் இயலாது.